மீதி மூன்று படங்கள்

உ
பழனியாண்டவர் துணை

கொழிஞ்சாம்பாறை
4.11.1974

மாமாவுக்குப் பழனாத்தாள் எழுதிக்கொள்வது.

நீங்கள் மறையூரில் அப்புசாமி அண்ணன் வீட்டில் இருப்பதாக, உடுமலைச் சந்தைக்குப் போய் வந்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் விளக்கேற்றுகிறவளுக்குப் புருஷனைப் பற்றிய சேதி சந்தையிலிருந்து வருகிறது. நல்லது.

உங்கள் பெயரை என் கையால் எழுதக் கூடாது. அதனால் உறைமேல் விலாசத்தைத் தபால்காரர் சுவக்கீன்தான் எழுதப்போகிறார். இதை எழுத உட்காருவதற்கு முன்னாலேயே அவரிடம் கேட்டு வைத்தேன். "அதுக்கென்னுங்க அம்மிணி, எழுதிப்போடலாம். ஊட்டுக்காரரு அங்கயே இருந்துக்குவாருங்களா?" என்று கேட்டார். இந்நேரம் ஊர் முழுக்கக் கேட்டிருக்கும்.

நடந்ததை நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததால் நானாகவே எழுதிவிடுகிறேன்.

போன வருஷம் ஆடியில் அத்தை போனதால் நம் வீட்டில் எந்த நோன்பும் இல்லை. தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை, சுவருக்குச் சுண்ணாம்புகூட இல்லை. வருஷம் திரும்பி முதலில் வந்தது இந்த ஆயுத பூஜைதான். குறை வைக்கக் கூடாது என்று அரிவாள், மண்வெட்டி, மோட்டார் ஸ்பேனர், தையல் மிஷின், உங்கள் ராஜ்தூத் வண்டி எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தேன். உங்கள் கை ஆசையாகத் தொட்ட பொருள் எதுவோ அதுதான் மணையின் நடுவில் இருக்க வேண்டும் என்று கேமராவை நடுவில் வைத்தேன். சாமிக்கு முன்னால் அழுக்கோடு வைக்கலாமா? பின்கதவைத் திறந்து ஈரத்துணியால் துடைத்தேன். உள்ளே இருந்த நாடாவை வெளியே எடுத்துத் தூசி தட்டி, வெயிலில் சற்று உலர்த்தி, இருந்தபடியே சுற்றி வைத்து மூடினேன். கண்ணாடிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

அதற்குள் அத்தை இருப்பது எனக்குத் தெரியும். வெளிச்சம் பட்டால் போய்விடுவார் என்பது தெரியாது.

சூசையப்பனின் ஸ்டுடியோவுக்குப் போய்வந்து, "எல்லாம் கறுப்பு" என்று ஒரே ஒரு சொல் சொன்னீர்கள். கேமராவை ஆணியில் மாட்டினீர்கள். மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு போனவர்தான்.

சுருளில் மூன்று படம் மீதி இருந்தது. அதையும் எடுத்து முடித்துவிட்டு ஸ்டுடியோவில் கொடுங்கள், பாதிச் சுருளை ஏன் வீணாக்க வேண்டும் என்று நான் சொன்னதும் உண்மை. அப்போது அத்தை நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார். பிறகு அவர் போனார். நீங்கள் கேமராவைத் தொடவே இல்லை, ஒரு வருஷத்துக்கு மேல். அதையும் என் பேரில்தான் எழுதுவீர்களா?

எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அரிசியை உலையில் போட்டுவிட்டுத் தொழுவத்துக்குப் போகிறேன். தொழுவத்திலிருந்து எதற்கோ களத்துக்குப் போகிறேன். தாழ்ப்பாள் போட்ட கதவை மறுபடி போய்த் தொட்டுப் பார்க்கிறேன்.

எப்போது வருகிறீர்கள் என்று கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஆகையால் கேட்கிறேன்.

பழனாத்தாள்


மறையூர்
12.11.1974

பழனாத்தா,

இங்கு நலம். அங்கு நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத் தொடங்கி நாலு தாளைக் கிழித்துவிட்டேன். கோபம் இருக்கிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

உடுமலை தாண்டி, சின்னாறு செக்போஸ்ட்டுக்கு அப்புறம் காட்டுக்குள் வந்தபோது எதிரே வந்த பஸ்காரன் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினான். வளைவில் யானைகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தன. இஞ்சினை அணைத்தேன். மூங்கில் முறியும் சத்தம் மட்டும். அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. ஆனால் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது அப்போதும் அணையவில்லை.

அப்புசாமி கோவில்கடவு பக்கம் கரும்புக் காட்டைக் குத்தகைக்கு எடுத்து வெல்லம் காய்ச்சுகிறான். ஆலைக்குப் பின்னால் ஒரு சாய்ப்புக் கொட்டகையில் எனக்கு இடம். விடிந்ததும் நடக்கத் தொடங்கிவிடுகிறேன். பாம்பாறு வரை, பிறகு மேலே பாறைக்கு. அந்தக் காலத்து மனிதர்கள் பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய முனியறைகள் அங்கே இருக்கின்றன. அங்கே நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கிறேன். மேகத்தின் நிழல் கரும்பின்மேல் நகரும்போது கை தானாக மார்புக்குப் போகிறது. கேமரா தொங்கும் இடம். கை சும்மா திரும்புகிறது.

சந்தனக் காட்டுக் காவலாளி ஒருவன் என்னையே கவனித்துக்கொண்டிருந்தான். நேற்று அருகில் வந்து, "இவிடெ எந்தா பணி?" என்றான். வேலை ஒன்றும் இல்லை, சும்மா நிற்கிறேன் என்றேன். கோடாலியோடு நின்றிருந்தால்கூட அவ்வளவு சந்தேகப்பட்டிருக்க மாட்டான். ஆலை வரை கூடவே வந்து அப்புசாமியிடம் விசாரித்துவிட்டுத்தான் போனான். அப்புசாமிக்கு ஒரே சிரிப்பு. "ஏப்பா, சும்மா நிக்கறதுக்கா இத்தனை தூரம் வந்தே? அதைக் கொப்பரைகிட்ட நின்னு பண்ணு, பாகையாவது கிண்டலாம்" என்கிறான்.

வருவதைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். வீட்டில் புழக்கடைக் கதவைத் திறக்கும்போதெல்லாம் என் கழுத்து இடப்பக்கம் திரும்பிவிடுகிறது. அம்மா அங்கே உட்கார்ந்திருப்பாள் என்று. இங்கே அப்படித் திரும்புவதற்கு ஓர் இடம் இல்லை. அதனால் இருக்கிறேன். எவ்வளவு நாள் என்று எனக்கே தெரியாது.

ஆறுமுகசாமி


உ
பழனியாண்டவர் துணை

கொழிஞ்சாம்பாறை
22.11.1974

மாமாவுக்கு,

தீபாவளிக்கு வருவீர்கள் என்று எண்ணெய் காய்ச்சி வைத்தேன். நோன்புக்கு வராத ஆளுக்கு மேகத்தின் நிழல் நகர்கிறதாம். இங்கே மழையில் வடக்கு வரப்பு உடைந்து தண்ணீர் நகர்கிறது. மோட்டார் சாளைக் கூரையில் ஓடு விழுந்துவிட்டது. பண்ணையத்தில் சின்னையன் ஒற்றை ஆளாக எதைத்தான் பார்ப்பான்? "பண்ணாடி வந்தாத்தானுங்க அம்மிணி" என்று எல்லாவற்றுக்கும் அதையே சொல்கிறான்.

உங்களுக்குச் சும்மா நிற்க ஒரு பாறை கிடைத்திருக்கிறது. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. கிருத்திகைக்கு விரதம் இருந்து சாமி முன்னால் கண்ணை மூடினால்கூட வரப்புதான் தெரிகிறது.

நான் எழுதினால் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பீர்கள். உங்கள் கண்ணாலேயே பார்க்கிற மாதிரி அனுப்புகிறேன். ஆணியில் கேமரா இருக்கிறது. சூசையப்பனிடம் புதுச் சுருள் இருக்கிறது. வீட்டுக் கணக்கை ஒருவரும் கற்றுக்கொடுக்காமல் எழுதப் பழகியவளுக்கு இது வராதா?

பழனாத்தாள்


மறையூர்
28.11.1974

(அஞ்சலட்டை)

பழனாத்தா, படமா? நீயா? கண்ணாடியில் சந்தனம் காய்ந்து கிடக்கும், வெறும் மெல்லிய துணியால் துடை. வரப்பில் கவனமாக நட, பாம்பு இருக்கும். ஆறுமுகசாமி.


உ
பழனியாண்டவர் துணை

கொழிஞ்சாம்பாறை
10.12.1974

மாமாவுக்கு,

இத்துடன் படங்கள் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் பின்னாலும் எண் போட்டிருக்கிறேன். பார்த்துவிட்டு மேகத்தைப் பற்றி எழுதுங்கள்.

சூசையப்பன் என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். போன சுருளுக்கு அவர்தான் குற்றவாளி என்பது போல. "வெளிச்சம் குடிச்சுருச்சுங்க அம்மிணி, நான் என்ன பண்ணட்டும்" என்று மறுபடி சொன்னார். அவரே புதுச் சுருளைப் போட்டு, திறக்கக் கூடாத கதவு எது என்று எனக்கு நாலு முறை காட்டினார். சூரியனை முதுகுப் பக்கம் வைக்க வேண்டும், ஒரு படம் எடுத்ததும் அடுத்த எண் வரும்வரை திருக வேண்டும், அழுத்தும்போது மூச்சைப் பிடிக்க வேண்டும் என்றார். "எவ்வளவு நேரமுங்க?" என்று கேட்டேன். "கற்பூரம் ஒத்திக்கிற நேரம் போதுமுங்க" என்றார். வேதக்காரராக இருந்தும் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

ஒன்றாவது, வடக்கு வரப்பு. இரண்டாவது, மோட்டார் சாளை. உள்ளே ஆகாயம் தெரிவதைக் கவனியுங்கள். மூன்றாவது என் கட்டைவிரல், அதை விட்டுவிடுங்கள். நான்காவதில் இருக்கும் கன்றுக்குட்டி பிறந்ததே உங்களுக்குத் தெரியாது. ஐந்தாவது, நீங்கள் ராஜ்தூத் நிறுத்தும் இடம். தரையில் சொட்டிய எண்ணெய்க் கறைமேல் இப்போது கோழி படுக்கிறது. ஆறாவது, புழக்கடைச் சுவர். இரண்டு வருஷமாகச் சுண்ணாம்பு காணாமல் எப்படிப் பொரிந்து கிடக்கிறது பாருங்கள். காலை வெயிலில் எடுத்தேன், ஒவ்வொரு பொரியும் தெரிய வேண்டும் என்று. ஏழு, எட்டு, ஒன்பது எல்லாம் அதே மாதிரிதான், நான் விளக்க வேண்டியதில்லை.

மீதி இருந்த படங்களுக்காகக் கோரையாறு வரை நடந்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ஆற்றைக் கட்டைவண்டியிலோ பஸ்ஸிலோ கடந்திருக்கிறேனே தவிர, நின்று பார்த்ததில்லை. அங்கே இடிந்த மதகைத்தான் எடுக்கப் போனேன். கொக்கு ஒன்று தண்ணீரில் நின்றது. அது அசையட்டும், பிறகு மதகை எடுக்கலாம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அது அசையவில்லை. நானும் அசையவில்லை. திரும்பி வந்தபோது அடுப்பில் பருப்பு கரியாகியிருந்தது. அடுப்பில் ஏற்றிவிட்டுப் போனேன் என்பதே நினைவில் இல்லை.

அதுதான் கடைசிப் படம். மதகு அதில் விழவே இல்லை. எந்தக் குறையையும் காட்டாத படம், வீண்தான். ஆனாலும் வைத்திருக்கிறேன்.

அந்த ஒரு மூச்சு நேரம் எனக்குள் எதுவும் ஓடவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். சாமி குற்றமாக எடுத்துக்கொள்ளாது என்று நினைக்கிறேன். வீடு வந்ததும் எல்லாம் திரும்ப ஓடத் தொடங்கிவிட்டது.

பழனாத்தாள்


மறையூர்
18.12.1974

பழனாத்தா,

இதை ஆலையில் வெல்லம் ஏற்றிப் போகும் லாரி டிரைவர் பெரியமுத்துவிடம் கையில் கொடுத்தனுப்புகிறேன். இங்குள்ள பெட்டியில் போட்டால் மூணாறு சுற்றித்தான் போகும். அவன் இன்று உடுமலையில் தபாலில் சேர்த்துவிடுவான். அவசரம் அதனால்தான்.

வரப்பு, சாளை எல்லாம் என் குற்றம். ஒப்புக்கொள்கிறேன். கன்றுக்குட்டிக்கு நெற்றியில் வெள்ளை இருக்கிறதே, தாய்க்கு இல்லையே? அதைப் பற்றிப் பிறகு.

ஆறாவது படத்தைத்தான் எழுத வேண்டும்.

உறையைப் பிரித்தபோது ஆலைக்குள் புகையாக இருந்தது. சரியாகப் பார்க்கவில்லை. மறுநாள் பாறைக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் பார்த்தேன். நீ சுண்ணாம்புப் பொரியைக் காட்டத்தான் எடுத்திருக்கிறாய். பொரிக்கு நடுவில் கதவுக்கு இடப்பக்கம் கொஞ்சம் மேலே பார். வட்டமாக ஒரு கறை. அதற்குக் கீழே இருபுறமும் மங்கலாக இரண்டு.

அம்மா காலையில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வெயில் காய உட்காரும் இடம் அது. தலை சாய்ந்த இடம் வட்டம். கீழே இருப்பது இரண்டு தோள். நாற்பது வருஷம் ஒரே இடத்தில் சாய்ந்திருக்கிறாள். தலை சற்றே வலப்பக்கம் சரிந்திருக்கிறது. அவள் அப்படித்தான் உட்காருவாள், யாராவது பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி.

நான் எடுத்த படங்களில் அவளைக் களத்தில் நிறுத்திப் பட்டுச்சேலை கட்டச் சொல்லியிருந்தேன். "மூஞ்சியை எப்புடிடா வச்சுக்கோணும்?" என்று கேட்டுக்கொண்டே விறைத்து நின்றாள். அவை நன்றாக வந்திருந்தாலும் யாரோ ஒரு பெரியம்மாவாகத்தான் இருந்திருக்கும். அவள் உட்காரும் இடத்தில் போய் அவளை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பொங்கல் வருகிறது. போன வருஷம் துக்கத்தில் விட்டதால் இந்த வருஷம் நீ கட்டாயம் வெள்ளையடிப்பாய். வீடு முழுக்க அடி. அந்தச் சுவரை மட்டும் தொடாதே. சின்னையனிடமும் சொல்லிவை.

ஆறுமுகசாமி


மறையூர்
2.1.1975

பழனாத்தா,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. கோபித்துக்கொண்டாயா, உடம்பு சரியில்லையா? பெரியமுத்துவைக் கேட்டால், "அப்பவே போட்டுட்டேன் முதலாளி" என்கிறான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

என்னால் நடக்க முடியவில்லை. கால் வலி இல்லை. பாறைக்குப் பாதி வழி போனதும், பதில் வந்திருக்குமோ என்று திரும்பிவிடுகிறேன். தபால் ஆபீஸில் இருப்பவர் என் தலையைக் கண்டதும் கையை விரிக்கிறார். வண்டியில் காந்தளூர் வரை போகலாம் என்று நேற்றுக் கிளம்பினேன். மேட்டில் ஏறும்போது மூடுபனி இறங்கி முன்னால் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. அதைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிவிட்டேன். வெள்ளையைக் கண்டு பயப்படும் ஆளாகிவிட்டேன் என்று அப்புசாமியிடம் சொல்ல முடியுமா?

அந்தக் கடிதம் உனக்கு வராமல் போயிருந்தால் என்பதற்காக மறுபடி எழுதுகிறேன். புழக்கடைச் சுவரில், கதவுக்கு இடப்பக்கம், அம்மா சாய்ந்த எண்ணெய்க் கறை இருக்கிறது. அதன்மேல் சுண்ணாம்பு படக் கூடாது. உடனே இரண்டு வரி போடு.

ஆறுமுகசாமி


உ
பழனியாண்டவர் துணை

கொழிஞ்சாம்பாறை
8.1.1975

மாமாவுக்கு,

நேற்றுச் சுவக்கீன் உங்கள் இரண்டு கடிதத்தையும் ஒன்றாகக் கொண்டுவந்தார். முதல் கடிதத்தின் உறையில் வெல்லப் பிசுக்கும் மடிப்பும் இருந்தன. யார் சட்டைப் பைக்குள் கிடந்ததோ. உடுமலை முத்திரை இந்த மாதத்து முத்திரை.

வெள்ளையடித்தாயிற்று. நாலாம் தேதியே முடிந்தது.

நான் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். சின்னையன் அந்தச் சுவரில் ஒரு முறை அடித்தான், கறை தெரிந்தது. "எண்ணெய்ப் பிசுக்குங்க அம்மிணி, புடிக்க மாட்டேங்குது" என்றான். நான்தான் பக்கத்தில் நின்று, தேங்காய் நாரால் தேய்த்துவிட்டு இன்னொரு முறை அடி என்றேன். அதற்கும் தெரிந்தது. மூன்றாம் முறையும் அடிக்கச் சொன்னேன். வீட்டிலேயே அந்தச் சுவர்தான் பளிச்சென்று இருக்கிறது. அன்று அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் புழக்கடைக்குப் போய் நின்றேன். அத்தனை வருஷம் அங்கே அத்தைக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். அந்தக் கறையைத் தினமும் பார்த்தவளும் நான். எனக்கு அது அழுக்காகத்தான் தெரிந்தது. படம் எடுத்தபோதும் அழுக்கைத்தான் எடுத்தேன்.

முதல் முறை தெரியாமல் செய்தேன். இதையும் தெரியாமல்தான் செய்தேன். ஆனால் இரண்டு முறையும் சுத்தம் பண்ணுகிறேன் என்றுதான் செய்தேன். என் கைக்கு அது ஒன்றுதான் தெரியும் போலிருக்கிறது. நேற்றிலிருந்து துடைப்பத்தை எடுக்கவே பயமாக இருக்கிறது. முற்றத்தில் வாதநாராயண இலை கொட்டிக் கிடக்கிறது. அப்படியே விட்டிருக்கிறேன்.

ஆறாவது படத்தின் நெகட்டிவ் சூசையப்பனிடம் பத்திரமாக இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பெரிதாகப் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறேன். போன மாதம் படம் கழுவக் கொடுத்தபோதே கேமராவில் அவரே புதுச் சுருளைப் போட்டுக் கொடுத்திருந்தார். நான் கேட்கவில்லை. அது ஆணியில் தொங்குகிறது. தொடவில்லை.

பொங்கலுக்கு வாருங்கள் என்று எழுத எனக்கு வாய் வரவில்லை. வந்து எதைப் பார்ப்பீர்கள்?

பழனாத்தாள்


மறையூர்
13.1.1975

பழனாத்தா,

கடிதம் வந்தது. பாறையில் உட்கார்ந்து படித்தேன்.

உன்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பெரியமுத்துவின் மேல் கொஞ்சம் வந்தது. அவனைக் கேட்டேன். "சட்டையைத் துவைக்கப் போட்டப்பத்தான் பார்த்தேன் முதலாளி, சொன்னா ஏசுவீங்கன்னு பயந்துட்டேன்" என்றான். அவனை என்ன செய்வது? இங்குள்ள பெட்டியில் நானே போட்டிருந்தால் மூணாறு சுற்றியாவது சேர்ந்திருக்கும். என் அவசரம்தான் காரணம்.

கை துடைப்பத்தைத் தொடப் பயப்படுகிறது என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். முற்றத்தைக் கூட்டு. நீ கூட்டாத முற்றத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கொக்குப் படம் வீண் என்று எழுதியிருந்தாய். அப்புசாமி அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டான். "உன்ற பொண்டாட்டி உன்னைவிட நல்லாப் புடிக்கறாப்பா" என்கிறான். தண்ணீரில் அதன் கால் எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நான் இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்று எடுத்ததில்லை. எடுக்கும் அளவுக்கு நின்றதும் இல்லை. அங்கங்கே வண்டியை நிறுத்தி, எடுத்துவிட்டுக் கிளம்பியவன்.

ஆனால் இப்போது வர முடியாது. கதவைத் திறந்து கழுத்து திரும்பினால் அங்கே வெள்ளைச் சுவர். அதை முதல் தடவை பார்ப்பதை நினைத்தாலே கால் பின்வாங்குகிறது. அப்புசாமி மார்ச் வரை ஆலையைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறான். சரி என்று சொல்லிவிடலாமா என்று இருக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

ஆறுமுகசாமி


உ
பழனியாண்டவர் துணை

கொழிஞ்சாம்பாறை
20.1.1975

மாமாவுக்கு,

நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டீர்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எழுத்தில் கேட்டது இதுதான் முதல் தடவை. சொல்கிறேன்.

பொங்கலுக்குச் சாமிக்கு வைத்தேன், அத்தைக்கும் இலை போட்டேன். மாட்டுப்பொங்கல் அன்று கன்றுக்குட்டியைக் குளிப்பாட்டப் புழக்கடைப் பக்கம் ஓட்டிப் போனேன். அந்தச் சுவரை நான் பார்ப்பதே இல்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போய்வருவேன். சின்னையன்தான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "கோவிச்சுக்காதீங்க அம்மிணி, மூணு தடவை அடிச்சேன். காசு வாங்கின வேலையை ஏமாத்தற ஆளு நானில்லீங்க" என்றான்.

என்ன என்று பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெயில் ஏறச் சுவர் சூடாகி, வெள்ளைக்கு உள்ளேயிருந்து லேசான மஞ்சள். மறுநாள் இன்னும் கொஞ்சம். அதற்கும் மறுநாள் வட்டம் நன்றாகத் தெரிந்தது. எண்ணெய் சுண்ணாம்பைக் குடித்துவிட்டு மேலே வந்திருக்கிறது. தோள் இரண்டும் அவ்வளவாக வரவில்லை. தலை வந்துவிட்டது. வலப்பக்கம் சரிந்துதான் இருக்கிறது.

சின்னையன் இன்னும் ஒரு தடவை அடித்துத் தருகிறேன், கூலி வேண்டாம் என்று சுண்ணாம்பு மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவனை நான் திட்டிய திட்டு உங்களுக்கே கேட்டிருக்கும். பாவம், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. உட்கார வைத்து வெல்லமும் காபியும் கொடுத்தேன்.

மறுநாள் காலை ஆணியிலிருந்து கேமராவை எடுத்தேன். தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று வெயில் சுவரில் ஏறும்வரை காத்திருந்தேன். இந்த முறை அழுக்கைப் பார்க்கவில்லை. சாய்ந்த தலைக்குச் சரியாக எதிரே, நான் வழக்கமாகக் காபியோடு போய் நிற்கும் இடத்தில் நின்றேன். மூச்சைப் பிடித்தேன். கோரையாற்றில் வந்த அந்த நேரம் மறுபடி வந்தது. அத்தைகூட ஏதோ கேட்க வாயெடுத்த மாதிரி இருந்தது.

ஒரே ஒரு படம்தான் எடுத்தேன். அன்றைக்கே பஸ் ஏறிச் சூசையப்பனிடம் போனேன். "என்னங்க அம்மிணி, சுருள் பூராவும் மீதி இருக்குதே, எடுத்து முடிச்சுட்டுக் கொடுங்களேன்" என்றார். மீதி இருக்கட்டும், இதை இப்போதே போடுங்கள் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் உட்கார்ந்திருந்து வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

அதுதான் இத்துடன் இருக்கிறது. பின்னால் எண் போடவில்லை.

மார்ச் வரை ஆலையைப் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். படத்தைப் பார்த்த பிறகும் அதே கேள்வி இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் மேலே வந்துகொண்டுதான் இருக்கிறது. தோள் எப்போது தெரியும் என்று தினமும் காலையில் போய் நிற்கிறேன். இரண்டு பேர் நிற்க அங்கே இடம் இருக்கிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற கூட்டம் போகத் தொடங்கிவிட்டது. வழியில் வண்டியை மெதுவாக ஓட்ட வேண்டியிருக்கும்.

முற்றத்தைக் கூட்டிவிட்டேன்.

விலாசம் எழுதச் சுவக்கீன் வாசலில் நிற்கிறார். "இன்னும் எத்தனை உறைக்குங்க அம்மிணி நான் எழுதறது?" என்று சிரிக்கிறார். இதுதான் கடைசி என்று சொல்லியிருக்கிறேன். என்னைப் பொய் சொன்னவளாக்கிவிடாதீர்கள்.

பழனாத்தாள்